புதுக்கல்லின் முதல் ஈடு

ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை பார்க்கச் சொல்லிக் கருவிக்கு உத்தரவு கொடுத்திருந்தாள் கோகிலவாணி. மற்ற நாட்களில் அறுபத்து நான்கு தடவையே தாராளம். இன்றைக்கு அது போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்லப் போனால், பதில் கொஞ்சம் மெதுவாக வரட்டுமே என்றுதான் எண்ணைக் கூட்டிப் போட்டிருந்தாள். முப்பத்தெட்டு நிமிஷம். கருவியின் பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு உப்பு வில்லை நின்றுகொண்டிருந்தது, அதில் முந்நூறு பங்கு உப்பும் ஒரு பங்கு கல்பொடியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அதன் வழியே போய் வந்துகொண்டிருந்தது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சத்தைக் கல் விழுங்கிக்கொள்கிறதோ அந்த இடத்தில் கோடு மேடாக எழும்பும். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி மேடு. அந்த மேடுகளை வைத்துத்தான், கையால் தொடவே முடியாத தூரத்தில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கிடக்கும் தூசி எந்தக் கல்லின் தூசி என்று இங்கே கோயமுத்தூரில் உட்கார்ந்து சொல்கிறாள். பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திரையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருவதைப் பார்க்கலாம். அதுவும் இந்த வேலையில் ஒரு சுகம். ஆனால் ஆரம்பித்த கையோடு திரையை அணைத்துவிட்டாள். கறுப்புத் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது, நெற்றி முடி கலைந்து, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து. மணி இரண்டு ஐம்பது. ஐந்து மணிக்குள் கட்டுரையின் புரூஃபைத் திருத்தி அனுப்ப வேண்டும். அதில் திருத்த ஒன்றுமில்லை, ஒரு காற்புள்ளியைத் தவிர. அல்லது கட்டுரை முழுவதையுமே.

கட்டுரை சொன்னது ஒரே ஒரு விஷயம்தான், அதைச் சொல்லப் பதினான்கு பக்கம். எண் மட்டும் உள்ள, பெயரில்லாத ஒரு நட்சத்திரம். பெங்களூரிலிருக்கும் பத்ரிநாத் சார் அதை ‘நம்ம ஆளு’ என்பார். தொலைநோக்கி வேலை அவருடையது, கல் வேலை இவளுடையது. நம்ம ஆளைச் சுற்றியிருந்த தூசியில் பதினொன்று புள்ளி இரண்டு மைக்ரானில் பெரிய மேடு. அது பச்சைக்கல், ஒலிவின். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது புள்ளி இரண்டிலும் பன்னிரண்டரைக்குப் பக்கத்திலும் சின்னதாக இரண்டு மேடு, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவர் மனசைப் பொறுத்துத் தெரிகிற அளவில். அவை சிலிக்காவின் இடங்கள். பச்சைக்கல்லோடு சிலிக்கா எப்படி வந்தது? கோகிலா சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் பொறுக்கி வந்த பச்சைக்கல்லை உலையில் ஆயிரம் டிகிரியில் மூன்று நாள் சுட்டாள், ஆறவிட்டாள், அரைத்தாள், அளந்தாள். சுட்ட கல்லில் அதே இரண்டு மேடு. பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக, ஒட்டிய இரண்டு பல் மாதிரி. ஆக, அந்தத் தூசி ஒரு காலத்தில் சுட்டிருக்கிறது, சூட்டில் சிலிக்கா பிரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உக்கடம் சிக்னலில் பஸ் இருபது நிமிஷம் நின்றது, அவளுக்குக் கோபமே வரவில்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு தூசிக்குக் காய்ச்சல் அடித்தது தனக்கு மட்டும் தெரியும் என்று சிரித்துக்கொண்டே நின்றாள். சூட்டில் பிரிகிற சிலிக்கா கண்ணாடி மாதிரிக் குழம்பித்தான் இருக்கும், இப்படிக் கூராக இரட்டைப் பல் காட்டாது என்று அவளுக்குத் தெரியாததா? தெரியும். அதற்கும் காரணம் கண்டுபிடித்து, மெதுவாக ஆறியதால் படிகமாகியிருக்கலாம் என்று இரண்டு பத்தி எழுதினாள். நல்ல பத்திகள். எழுதும்போதே ஒரு இடத்தில் பேனா தயங்கியது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதைத் தாகம் என்று நினைத்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இட்லியில்தான் எல்லாம் கெட்டது. கணவன் நந்தகோபால் ஆசைப்பட்டு வாங்கிய புது கிரைண்டர். வீட்டில் மாவாட்டுவது அவன் இலாகா, அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. முதல் ஈடு இட்லி பூவாக வந்தது. வாயில் வைத்தால் நறநற. நந்தகோபால் நாலு இட்லி சாப்பிட்டான். அவன் தாடை மெதுவாக, ஜாக்கிரதையாக அசைந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தெய்வானையக்காவுக்கு ஒரு தட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அக்கா தட்டைத் திருப்பிக் கொண்டு வந்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டியபடியே கேட்டாள்: “ஏந் தம்பி, புதுக்கல்லுக்குத் தவிடு போட்டு ஆட்டலையா? மொத ரெண்டு ஈடு கீழ கொட்டோணும். புதுசுல கல்லு தன்னையுஞ் சேத்துத்தான் அரைக்கும்.” நந்தகோபால் அசடு வழிந்தான். கோகிலாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள், துணி காயப்போட்டாள், மாமனாருக்கு மாத்திரை எடுத்து வைத்தாள். அதெல்லாம் முடிந்து பல் தேய்க்கும்போதுதான், கடைவாயில் இடுக்கிக்கொண்டிருந்த ஒரு துகள் நாக்கில் பட்டது. தன்னையும் சேர்த்து. அகேட் கல்வம். ஆய்வகத்தில் கல்லைப் பொடியாக்குகிற அந்தப் பளபளக்கும் சாம்பல் நிறக் கல்வம். பழையது மார்ச் மாதம் கீறல் விட்டுப் போய் ஆய்வக உதவியாளர் செல்லத்துரை புதிதாக வாங்கி வந்தது. அகேட் என்றால் என்ன? சிலிக்கா. வேறொன்றும் இல்லை, முழுக்க முழுக்கச் சிலிக்கா, நுணுக்கமான படிகம், பன்னிரண்டரையில் இரட்டைப் பல் காட்டுகிற சிலிக்கா. சுட்டு இறுகிய பச்சைக்கல்லை அதில் போட்டுத்தான் நாலு மணி நேரம் அரைத்திருந்தாள். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நுரை முழங்கை வரைக்கும் வழிந்தது. நந்தகோபால் வெளியிலிருந்து என்னாச்சு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

புதுக் கல்வத்தைத் தனியாக அளந்து பார்த்திருக்க வேண்டும். கல்வம் தன்னிடமிருந்து எதைக் கொடுக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் கல்லைப் பற்றிப் பேச வேண்டும். இதை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறாள் என்ற இடத்துக்கு வந்ததும் மனசு பின்வாங்கியது. ஞாயிறு ராத்திரியிலிருந்து அந்த இடத்துக்கு வருவதும் திரும்புவதுமாக இருக்கிறது. சென்னையில் ஆராய்ச்சி செய்த காலம். கருத்தரங்கக் கூடத்தில் மின்விசிறி ஒன்று டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். மேடையில் அல்போன்ஸ், தூத்துக்குடிக்காரன், இவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன். விண்கல் ஒன்றில் மூன்று புள்ளி நாலு மைக்ரானில் மேடு கண்டிருந்தான். கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள், வானத்திலிருந்து வந்தது என்றான். நன்றாகப் பேசினான். அவன் தலைமுடி எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தது, எப்போதும் அப்படித்தான், ஹாஸ்டலில் அதைச் சொல்லிக் கேலி உண்டு. இவள் எழுந்தாள். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைத் தனியாக அளந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. விரலில் ஒட்டிய எண்ணெய்க்கும் அதே இடத்தில்தான் மேடு வரும். கூடமே சிரித்தது. அவன் கை தலைக்குப் போனது. பிறகு அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான்? சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, மின்விசிறி ஞாபகம் இருக்கிறது, தலைவராக உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. அவன் சொன்னது மட்டும் இல்லை. ஏதோ சமாதானம் சொல்லியிருப்பான். கையுறை போட்டிருந்தேன் என்றோ, அடுத்த முறை பார்க்கிறேன் என்றோ. நாலைந்து மாதத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அதனால்தான் போனானா, வீட்டுக் கஷ்டமா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அந்தக் கேள்வியால் அவளுக்குப் பெயர் வந்தது, கெட்டிக்காரி என்று. அந்தப் பெயரில்தான் முதல் வேலையே கிடைத்தது என்று இன்றைக்கும் அவளுக்கு ஒரு எண்ணம்.

மழை வலுத்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது, ஆனாலும் ஈரம் எப்படியோ வந்துவிடும். இந்த உப்புக்கு ஈரமென்றால் உயிர், காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு மங்கிப் போகும். ராத்திரி முழுக்க அடுப்பில் காயவைத்துத்தான் வில்லை அழுத்தினாள். மேடம் என்று கதவைப் பாதி திறந்து செல்லத்துரை நின்றார். கருவிக்குள் ஈரத்தை விரட்டும் நைட்ரஜன் சிலிண்டரில் குறைந்து வருகிறது, மாற்றட்டுமா என்று கேட்க வந்தவர். இப்போது மாற்ற வேண்டாம், ஓட்டம் முடியட்டும் என்றாள். அவர் போகவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்த ஆய்வகத்தில் இருக்கிறவர். நேற்று, காரணம் எதுவும் கேட்காமல், மழையில் ஸ்கூட்டரில் போய் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியின் பீங்கான் துறையிலிருந்து சிர்கோனியாக் கல்வம் ஒன்றை இரவல் வாங்கி வந்தவரும் அவர்தான். அதில் சிலிக்காவே கிடையாது. மீதியிருந்த அதே சுட்ட கல்லை அதில் போட்டு அதே நாலு மணி நேரம் அரைத்தாள். இரட்டைப் பல் மறுபடி வந்தால் அது கல்லுடையது. வராவிட்டால் கல்வத்துடையது. அதற்குமேல் இதில் விவாதம் இல்லை. செல்லத்துரை கதவுப் பிடியைத் துடைப்பதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். “அந்தப் புதுக் கல்வம் நாந்தானுங் மேடம் வாங்கியாந்தேன்,” என்றார். “கடைக்காரன் நல்ல ஐட்டம்னுதான் குடுத்தானுங்.” அப்போதுதான் உறைத்தது, இந்த மனுஷனும் நேற்றிலிருந்து பயந்துகொண்டு இருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர்மேல் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கோபம் வந்தது, வந்தது இதமாகவும் இருந்தது: இவர் வாங்கியது, இவர் சொல்லியிருக்கலாம், புது சாமான் வந்தால் சோதித்துத்தானே கொடுக்க வேண்டும். அந்த இதத்தைக் கண்டுதான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. கல்வத்துக்கு ஒன்றும் குறையில்லை, அரைத்தது நான் என்று அவரிடம் சொன்னாள். அவர் டீ கொண்டு வரட்டுமா என்று கேட்டார். சரி என்றாள்.

பதினாறு நிமிஷம் பாக்கி. அரைத்தது நான். அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சந்தோஷமான நாள். அரைக்கப் பொறுமையில்லாமல் மற்றவர்கள் இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள். அவளுக்குக் கையால் அரைப்பதுதான் பிடிக்கும். கல் முதலில் கரகரக்கும், பிறகு சத்தம் தேயும், ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாமல் குழவி வழுக்கும், அப்போது பொடி மைதாவை விட நைஸாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கட்டம் வந்த பிறகும் விடாமல் இன்னும் ஒரு மணி நேரம் அரைத்தாள், கை சுகத்துக்காக. யாரும் கேட்கவில்லை, எந்த முறையிலும் எழுதியில்லை. தன் கை எவ்வளவு நன்றாக அரைக்கும் என்று தனக்கே காட்டிக்கொண்டாள். பதினேழு வருஷ அனுபவம், தனியாக அளந்து பார்க்கிற பிளாங்க் எதற்கு, கல்வத்தைத் தெரியாதா எனக்கு. அந்தப் பெருமிதம் பொடிப்பொடியாக உதிர்ந்து வில்லையில் ஏறி, பன்னிரண்டரை மைக்ரானில் மேடாக நின்று, பத்ரிநாத் சாரின் கணினிக்குப் போய், ஒரு நட்சத்திரத்தின் மேல் ஏறிக்கொண்டது. சரி, இப்போது எழுந்து இந்தக் கருவியை நிறுத்திவிட்டால்? வில்லையை எடுத்துத் தண்ணீரில் போட்டால் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும். புரூஃபில் அந்தக் காற்புள்ளியைத் திருத்தி அனுப்பிவிடலாம். யாருக்குத் தெரியும்? நட்சத்திரத்தில் உண்மையிலேயே சிலிக்கா இருக்கலாம், அதுவும் சாத்தியம்தான். முடிவு சரியாகவே இருந்து வழி மட்டும் தவறாக இருந்தால் அது அவ்வளவு பெரிய தப்பா? டிசம்பரில் பதவி உயர்வுக் குழு கூடுகிறது. இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அவள் கோப்பில் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்து வருஷம் கழித்து எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் இதே கல்லைச் சுட்டு, வேறு கல்வத்தில் அரைத்து, மேட்டைக் காணாமல் விழிப்பாள். ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்பாள். கெட்டிக்காரியாக இருப்பாள். கல்வத்தைத் தனியாக அளந்து பார்த்தீர்களா, மேடம்? கூடம் சிரிக்கும். கோகிலாவின் கை எங்கே போகும்? அவன் கை தலைக்குப் போனது. பிறகு கை கீழே இறங்கியது. இறங்கிய பிறகு வாய் திறந்தது. அந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பப் படம் அறுந்துபோகிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, சின்ன வயதில் ரிசல்ட் பார்க்கப் போகும் வழியில் வருமே, அந்தப் பயம்.

டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது, செல்லத்துரை வேண்டுமென்றே போட்டிருப்பார். பாதி குடிப்பதற்குள் கருவியின் உள்ளே முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்த கண்ணாடி நின்றது. அந்த இரைச்சல் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. கோகிலா டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைக்கத் தேவையே இல்லை. திரையைப் போட்டாள். முதலில் பதினொன்று புள்ளி இரண்டைப் பார்த்தாள், தெரிந்த முகத்தை முதலில் பார்ப்பதுபோல. பச்சைக்கல் இருந்தது, நிமிர்ந்து, அழகாக. கண்ணை வலது பக்கம் நகர்த்தினாள். பன்னிரண்டரையில் கோடு சமதரையாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்த கோடு, ஒரு நடுக்கம்கூட இல்லை. இடது பக்கம் ஒன்பது புள்ளி இரண்டிலும் ஒன்றுமில்லை. பழைய கோட்டை எடுத்து மேலே வைத்தாள். இரட்டைப் பல் அங்கே மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் முழுக்க அகேட், சாம்பல் நிறம், செல்லத்துரை கொண்டு வந்தது, அவள் அரைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எவ்வளவு சுத்தமான கோடு என்றுதான் தோன்றியது, இத்தனை சுத்தமாக இதுவரை அவள் ஒன்றும் அளந்ததில்லை. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

பத்ரிநாத் சார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். புரூஃப் அனுப்பியாச்சா என்று உற்சாகமாக ஆரம்பித்தவரிடம், அனுப்பவில்லை, அனுப்பப் போவதும் இல்லை, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். சிலிக்கா மேடு கல்லுடையது இல்லை, கல்வத்துடையது என்றாள். வேறு கல்வத்தில் அரைத்தால் வரவில்லை, கோட்டை இப்போதே அனுப்புகிறேன் என்றாள். கல்வம் புதிது என்பதைச் சொன்னாள், யார் வாங்கியது என்பதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷ உழைப்பு அவருடையதும்தான். பதினெட்டு இரவு தொலைநோக்கி நேரத்துக்கு எத்தனை பேரிடம் கெஞ்சி வாங்கினார் என்று அவளுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, திட்டாமல், குரலை உயர்த்தாமல், வெறுமனே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்:

“அன்னைக்கே அந்தக் கல்வத்தத் தனியா அளந்து பாத்தீங்களா, கோகிலா?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. பழைய கல்வம் ஒருபோதும் ஏமாற்றவில்லை. நேரம் இல்லை. பொதுவாக யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் பாதி உண்மை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். டீ டம்ளரின் மேல் ஆவி அடங்கிவிட்டிருந்தது.

“இல்ல. அளக்கல.”

சொன்ன அதே கணத்தில் மின்விசிறி டக் டக் என்று தட்டியது. அல்போன்ஸின் கை தலையிலிருந்து இறங்கியது. அவன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நேராக இவளைப் பார்த்து, இதே இரண்டு வார்த்தையை, இதே மாதிரி சொன்னான். கூடம் சிரித்தது அதற்கப்புறம்தான். அவள் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் பதிலுக்குத்தான் சிரித்தார்கள். எல்லோரையும் விட முதலில் சிரித்தது அவள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கோகிலா நின்றாள். பத்ரிநாத் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காக அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.